பேசக் கூடாத பயிற்சியாளர்கள்

டாலஸிலிருந்து வடக்கே போகும் ஐ-35 நெடுஞ்சாலை, கெயின்ஸ்வில் ஊரைத் தாண்டியதும் ரெட் ரிவரைக் கடக்கிறது. ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். அக்கரையில் ஓக்லஹோமா. சிக்கசா பழங்குடி அரசு நடத்தும் வின்ஸ்டார் சூதாட்ட விடுதி சாலையோரம் ஓர் ஊர் நீளத்துக்கு நிற்கிறது. அதற்குப் பிறகு மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. வெட்டிய கரைகள், மாடுகள் இறங்கும் குட்டைகள், உழுது போட்ட வயல்கள் எல்லாம் செக்கச்செவேல் என்று கிடக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்த மண் அந்நியமாகத் தெரியாது.

பின்னிருக்கையில் அக்கா மகள் தூங்கிக்கொண்டு வந்தாள். வயது 15, பத்தாம் வகுப்பு. டிக்கி முழுக்க அவளுடைய சாமான்கள்: கம்பி முகமூடி வைத்த ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் கவசங்கள், தடித்த கேட்சர் கையுறை, அவள் அப்பா, அதாவது என் மாமா, யோசித்து யோசித்துக் கடைசியில் வாங்கிக் கொடுத்த விலையுயர்ந்த மட்டை. ஓக்லஹோமாவில் ஒரு பல்கலைக்கழகம் அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை நடத்தும் சாஃப்ட்பால் முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கும் பயிற்சியாளர்கள் பள்ளிப் பெண்களைத் தங்கள் மைதானத்துக்கே வரவழைத்து, ஒரு நாள் முழுக்க ஆடவைத்துப் பார்க்கும் முகாம் அது. அக்கா விமானத்தில் வந்த என்னையும் கையோடு கூட்டிக்கொண்டாள். "நீ வந்து பாரு. எங்களுக்கே இதுல பாதி புரியல" என்றாள்.

சனிக்கிழமை மாலை ஓக்லஹோமா சிட்டிக்குப் போய் டெவன் பார்க் அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தோம். பூட்டிய கதவுகளுக்கு வெளியே நின்று பார்ப்பதற்குக்கூட ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். 13,000 பேர் உட்காரும் இடம். கல்லூரிப் பெண்களின் உலகத் தொடர் என்று இவர்கள் அழைக்கும் இறுதிச் சுற்று, 1996 ஒன்றைத் தவிர, 1990 முதல் இந்த வளாகத்தில்தான் நடக்கிறது. பக்கத்து ஊரான நார்மனில் இருக்கும் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை கோப்பையை எடுத்தது. அந்த அணியை 1995 முதல் பயிற்றுவித்து வருபவர் பாட்டி காசோ. 2025-ல் டெக்சஸ் பல்கலைக்கழகம் முதல்முறையாக வென்றது. 2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தாலும், சாஃப்ட்பால் ஆட்டங்களை மட்டும் 2,000 கிலோமீட்டர் தள்ளி இங்கேதான் நடத்தப்போகிறார்கள். அக்கா மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வருடமும் அதுதான். கம்பி வேலியில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உள்ளே பார்த்தாள்.

பெயரில்தான் மென்மை. மஞ்சள் பந்து கிரிக்கெட் பந்தைவிடப் பெரிது, 12 அங்குலச் சுற்றளவு; கையில் வாங்கிப் பார்த்தால் கட்டை போல இருக்கிறது. பந்தை வீசும் பெண்ணான பிட்சர் கையைக் காற்றாலைபோல் முழுவட்டமாகச் சுழற்றி இடுப்போரமாக விடுகிறாள். அவளுக்கும் மட்டை பிடிப்பவளுக்கும் இடையே 43 அடிதான். மணிக்கு 60 மைல் வேகத்தில் அது வந்து சேர அரை நொடிகூட ஆவதில்லை. மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிப்பவள் கேட்சர். அக்கா மகள் ஆடுவது அந்த இடத்தில்தான்.

இந்த ஆட்டத்தைப் பெண்கள் கல்லூரியில் ஆட முடிகிறது, அதற்கு உதவித்தொகையும் கிடைக்கிறது என்றால், 1972-ல் வந்த டைட்டில் ஐஎக்ஸ் சட்டமே காரணம். அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் பாலின அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற அந்தச் சட்டத்தால்தான் பெண்கள் அணிகளும் மைதானங்களும் பயிற்சியாளர் சம்பளமும் பெருகின. என் தலைமுறையில் நம்மூரில் பருவம் எய்தியதும் விளையாட்டை விட்ட தோழிகள் எனக்குப் பலர். ஒரு நாட்டின் சட்டப்புத்தகத்தில் எழுதிய ஒரு வரி எத்தனை பெண்களைத் திடலுக்கு அனுப்பும் என்பதை அந்த வேலிக்கு முன்னால் நினைத்துக்கொண்டேன்.

கனவின் பெரிய எழுத்துகள் மட்டும் குடும்பங்களின் கண்ணில் படுகின்றன. நைஜாரி கனாடி என்ற பிட்சர் 2024-ல் ஸ்டான்ஃபோர்டை விட்டு டெக்சஸ் டெக்குக்கு மாறியபோது 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கிடைத்தது. மாமா இதை என்னிடம் காரிலேயே சொல்லிவிட்டார். ஆனால் நடைமுறை வேறு. கல்லூரி விளையாட்டின் உச்சத் தளமான முதல் பிரிவில் இருக்கும் கல்லூரி ஒவ்வொன்றும் அதிகபட்சம் 12 முழு உதவித்தொகைக்கு ஈடான பணத்தை இருபதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரிகளுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. கால் பங்கு, அரைப் பங்கு என்று வாங்கியவர்கள்தான் பெரும்பாலோர். கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025-ல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த 12 என்ற வரம்பு போய், அணிக்கு 25 பேர் என்ற வரம்பு வந்தது. பணம் கூடலாம், இடம் சுருங்கலாம். போதாததற்கு, வேறு கல்லூரியில் ஏற்கெனவே இரண்டு வருடம் ஆடித் தேறியவர்கள் சுலபமாக மாறி வருகிறார்கள். பயிற்சியாளருக்கு அவர்கள் கைகண்ட சரக்கு. பள்ளிப் பெண்களுக்கான இடங்கள் அதனாலும் குறைகின்றன.

முகாமுக்கு அழைத்த மின்னஞ்சலை அக்கா அச்செடுத்தே வைத்திருந்தாள். மகளின் பெயரைச் சொல்லி, "உன்னை எங்கள் மைதானத்தில் பார்க்க ஆவலாக இருக்கிறோம்" என்று இருந்தது. அவளைத் தேர்ந்தெடுத்து அழைத்ததாகவே வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி கல்லூரி முகாம் யாருக்கும் திறந்திருக்க வேண்டும். வயது, வகுப்பு, எண்ணிக்கை போன்றவற்றை வைத்துத்தான் வரம்பு கட்டலாம். எனவே அதே கடிதம் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போயிருக்கும். "இன்ன போட்டியில், இன்ன ஆட்டத்தில் நீ இரண்டாம் பேஸுக்கு எறிந்த பந்தைப் பார்த்தேன்" என்று ஒரு வரி இருந்தால் அது வேறு. அப்படி ஒரு வரி அதில் இல்லை.

அக்கா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "அப்ப எதுக்குடி காசு கட்டிக் கூட்டிட்டுப் போறோம்?" என்றாள். மறுநாள் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் நானும் திடலில் உட்கார்ந்திருந்தேன்.

காலை எட்டு மணிக்குக் காற்று அடித்தது. ஓக்லஹோமாக் காற்றுக்குப் பருவமே இல்லை என்றார் ஓர் அப்பா. மடக்கு மேசையில் பெயர் பதிந்து, ஒரு டி-ஷர்ட்டும் முதுகில் ஒட்டிக்கொள்ள ஓர் எண்ணும் தந்தார்கள். "நீ எந்த வருஷம்?" என்பதுதான் இங்கே முதல் கேள்வி. பிறந்த வருடம் அல்ல, பள்ளியை முடிக்கும் வருடம். "2028" என்றாள் இவள். நாள் முழுக்க அவள் 2028 தான். மைதானத்தில் இருந்த பெண்களில் தென்னாசிய முகம் இவளுடையது ஒன்றே. அவள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நான்தான் பொருட்படுத்தினேன்.

முதல் மணி நேரம் உடலைச் சூடேற்றுவதும் பந்து எறிவதும்தான். எறிவது என்றால் சும்மா இல்லை. ஒற்றை முழங்காலில் நின்று மணிக்கட்டால் மட்டும், பிறகு தோளால், பிறகு எழுந்து நின்று தூரம் கூட்டிக்கூட்டி. பயிற்சியாளர்கள் கையில் தாளோடு பின்னால் நடந்தார்கள். அவர்கள் பார்க்கத் தொடங்குவது இங்கேயே என்பது போகப்போகத்தான் புரிந்தது. தவறிப்போன பந்தை ஒருத்தி ஓடி எடுக்கிறாளா, நடந்து எடுக்கிறாளா, இணை சேர்ந்த முகம் தெரியாத பெண்ணிடம் என்ன பேசுகிறாள் என்பதெல்லாம் அந்தத் தாளில் ஏறுகிறது. பிறகு அளவைகள். மட்டையைப் போட்டு, அடித்தவள் ஓடித் தொட வேண்டிய நிலைகளில் முதலாவதான முதல் பேஸை எட்ட எத்தனை நொடி; 60 அடியை 3 நொடிக்குள் கடந்தால் தலைகள் திரும்புகின்றன. எறியும் வேகம், அடித்த பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம், பிட்சர்களுக்கு ரேடார் கருவி. எண்கள் தாளில் ஏறியதும் பெண்கள் கலைந்து குழு குழுவாகப் போனார்கள்: உள்களம், வெளிக்களம், மட்டையடி, கேட்சர்கள். ஒவ்வொரு குழுவிலும் அந்தக் கல்லூரியின் இப்போதைய ஆட்டக்காரிகள் இரண்டு மூன்று பேர் நின்று சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் கேட்சர்கள் பக்கம் போய் வேலியோரம் நின்றேன். கேட்சருக்கு உரிய அளவைக்கு 'பாப் டைம்' என்று பெயர். பிட்சர் வீசிய பந்து கையுறையில் 'டப்' என்று விழும் சத்தத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும்; குந்தியிருந்த பெண் எழுந்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கே நிற்பவள் கையுறையில் பந்து விழும் சத்தத்தில் நிற்கும். கோணலாக 85 அடி. 2 நொடிக்கு மேல் போனால் ஓடுகிறவள் பேஸைத் திருடிவிடுவாள். இவளுக்கு முதல் மூன்று எறிதல்களும் 2.1-ஐ ஒட்டி வந்தன. எதிரே நின்ற துணைப் பயிற்சியாளர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அருகே வந்து குந்தினார். முப்பது வயதிருக்கும். "உன் கைக்கு ஒன்றும் குறையில்லை. காலைப் பார்" என்றார். பந்தைப் பிடித்த பிறகு இவள் வலது காலை நகர்த்தினாள். அந்தக் கால் பந்து வந்துகொண்டிருக்கும்போதே சிறிதாக முன்னே வந்துவிட வேண்டும். பிடித்த பந்தைக் கீழே இறக்கி வட்டமடித்து எடுக்காமல் நேரே காதருகே கொண்டுபோக வேண்டும். பந்தே இல்லாமல் பத்துப் பதினைந்து தடவை செய்யவைத்தார். செம்மண்ணில் இவளுடைய வலது பாதம் வந்து நிற்க வேண்டிய இடத்தில் விரலால் ஒரு கோடு கிழித்தார். தூசி எழுந்து இருவர் முகத்திலும் படிந்தது. நான்காவது எறிதல் பேஸைத் தாண்டி வெளிக்களத்துக்குப் போயிற்று. ஐந்தாவதும் போயிற்று. "நல்லது. பழையபடி செய்யவில்லை அல்லவா?" என்றார் அவர். அதற்கடுத்த எறிதலில் கடிகாரம் 1.96 காட்டியது. பயிற்சியாளர் எண்ணை உரக்கச் சொன்னார், தாளில் எழுதினார், அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஒரு பாராட்டு இல்லை, "எங்களுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது" என்று ஒரு சொல் இல்லை. சொல்லவும் முடியாது. முதல் பிரிவுக் கல்லூரிகளின் சாஃப்ட்பால் பயிற்சியாளர்கள் ஒரு பெண் பதினோராம் வகுப்பில் இருக்கும் வருடத்தின் செப்டம்பர் 1 வரை அவளிடம் அணியில் சேர்வது பற்றிப் பேசக் கூடாது. முகாமிலும் கூடாது. முகாம் அழைப்பு அனுப்பலாம், ஆட்டம் சொல்லிக்கொடுக்கலாம், வணக்கம் சொல்லலாம். 2018-ல் இந்த விதி வந்தது. அதற்கு முன் எட்டாம் வகுப்புச் சிறுமிகள், ஏன், ஏழாம் வகுப்புச் சிறுமிகள்கூட, எங்கே படிக்கப்போகிறோம் என்று வாய்மொழியாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று வயதில் ஒரு குழந்தைக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்றுகூடத் தெரியாது. அந்த வயதில் வந்து விழும் பாராட்டும் வாக்குறுதியும் அவளை என்ன பாடுபடுத்தும்! அந்த விதி எனக்கு முழுக்கச் சரியாகப் படுகிறது. பெற்றோரை அது தவிக்கவிடுகிறது, உண்மை. ஆனால் அந்த மௌனத்துக்குள் ஒரு பெண் ஒரு நாள் முழுக்க ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு மட்டும் இருக்க முடிகிறது.

நம்மூர் விளையாட்டு ஒதுக்கீட்டில் பேசுவது சான்றிதழ். மாநில அளவா, தேசிய அளவா, எத்தனையாவது இடம் என்று காகிதத்தை வைத்து மதிப்பெண் போட்டுவிடலாம். இங்கே அந்தக் காகிதத்துக்கு மரியாதை குறைவு. ஒரு பயிற்சியாளர் தன் கண்ணால் பார்த்து, நான்கு வருடம் இவளோடு பேருந்தில் பயணம் செய்ய முடியுமா என்று முடிவெடுக்கிறார். நம் முறையில் சிபாரிசு புகுந்துவிடும் என்ற பயம் இருப்பதால் காகிதத்தை நம்புகிறோம்; இவர்கள் கண்ணை நம்புவதால் பணமும் பெட்ரோலும் செலவழித்துக் கண்ணெதிரே போய் நிற்க வேண்டியிருக்கிறது. இதில்தான் எனக்கு வருத்தம். ஒரு நாள் முகாமுக்கே நூறு, இருநூறு டாலர் ஆகிறது. விடுதி அறை, சாப்பாடு தனி. கோடையில் ஊர் ஊராகப் போட்டிகளுக்குச் செல்லும் கிளப் அணிக்கான கட்டணம் இதற்கெல்லாம் மேலே. எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்பதற்காக, திறமையுள்ள ஏழைப் பெண் ஒருத்திக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக்கூட விதி கல்லூரியை அனுமதிப்பதில்லை. திறந்த கதவுதான், வாசல்வரை வருவதற்கு வண்டிச்சத்தம் வேண்டும். அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி துணைப் பயிற்சியாளர்களுக்கு வருமானமாகவும் போகிறது என்பதைக் குடும்பங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் உழைக்கிறார்கள், வாங்குகிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் முகாம்களின் எண்ணிக்கை ஏன் இத்தனை என்பதற்கு அதுவும் ஒரு விடை.

மதியம் மாதிரி ஆட்டம் நடந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் முன்னால் தரையில் குத்திய பந்தொன்று இவளுடைய மார்புக் கவசத்தில் பட்டுத் தெறித்து ஓட, மூன்றாம் பேஸில் இருந்தவள் ஓடிவந்து ஒரு ஓட்டம் எடுத்துவிட்டாள். அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். பார்வையாளர் படிகளில் இருந்த அப்பா ஒருவர், தன் மகள் செய்யாத அந்தத் தவறுக்கு, "பரவாயில்லை, அடுத்த பந்து" என்று குரல் கொடுத்தார். பயிற்சியாளர்கள் அந்த ஓட்டத்தைப் பார்க்கவில்லை. மூவரும் இவளைத்தான் பார்த்தார்கள். இவள் முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு பிட்சரிடம் நடந்துபோனாள், கையுறையால் வாயை மறைத்து ஏதோ சொன்னாள், அந்தப் பெண் சிரித்தாள். திரும்பி வந்து குந்தினாள். பிறகு கேட்டதற்கு, "என் தப்புதான், நீ இன்னொரு தடவை அதையே போடுன்னு சொன்னேன் சித்தி" என்றாள். பிட்சர் அடுத்த பந்தையும் தாழவே வீசினாள். இந்த முறை இவள் இரண்டு முழங்காலையும் தரையில் போட்டுத் தடுத்துவிட்டாள்.

அதற்கு முன் சாப்பாட்டு வேளையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பெற்றோர்களைத் தனியே அழைத்துத் தலைமைப் பயிற்சியாளர் பேசினார்: மதிப்பெண்ணைக் கைவிடாதீர்கள், ஆட்டக் காணொளி மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மின்னஞ்சலை மகள் எழுதட்டும், அப்பா எழுத வேண்டாம். மாமா கை தூக்கி, "எப்போது முடிவு சொல்வீர்கள்?" என்று கேட்டார். "அதைப் பற்றி நான் பேச முடியாது, மன்னியுங்கள்" என்றார் அவர், வெகு மரியாதையாக. அந்த நேரத்தில் பெண்கள் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து கல்லூரி ஆட்டக்காரிகளோடு சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகாமின் சாரம் அந்த வட்டத்தில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். இவளுக்கு வேதிப் பொறியியல் படிக்க ஆசை. பக்கத்தில் இருந்த மூன்றாம் ஆண்டுப் பெண்ணிடம் அதைக் கேட்டிருக்கிறாள். அவள் எதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள்: பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்பது விதி. பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது. வழக்கமான பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடலாம். வெளியூர் ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமை வகுப்புகள் போய்விடும். ஆய்வக வகுப்புகள் பிற்பகலில் இருந்தால் பயிற்சியோடு மோதும். "எங்கள் அணியில் பொறியியல் தொடங்கிய ஒருத்தி இரண்டாம் ஆண்டில் பாடத்தை மாற்றிக்கொண்டாள். இன்னொருத்தி ஆட்டத்தை விட்டாள்."

எந்தக் கல்லூரியின் பளபளப்பான இணையப் பக்கத்திலும் இது இருக்காது. பயிற்சியாளர்கள் வாய் திறக்க முடியாத நாளில் ஆட்டக்காரிகள் இப்படிப் பேசுகிறார்கள். அவர்களுடைய காலணிகள் தேய்ந்திருப்பதையும், தலைமைப் பயிற்சியாளர் பக்கத்தில் வரும்போது பேச்சு நிற்கிறதா தொடர்கிறதா என்பதையும் ஒரு பெண் அங்கேதான் பார்க்க முடியும். இங்கே தொடர்ந்தது. அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அவர்கள் இவளைப் பார்ப்பதற்காகக் கட்டும் காசு வீணாகப் போக வாய்ப்பு அதிகம், இவள் அவர்களைப் பார்ப்பதற்காகக் கட்டினால் வீணே இல்லை. அப்படிக் கட்டுவதானால் பெயர் பெற்ற பத்துக் கல்லூரிகளுக்கு அலைய வேண்டாம். பாடமும் பிடித்து, ஆட்டத்தின் தரமும் எட்டக்கூடியதாக இருக்கும் மூன்று நான்கு இடங்களுக்குப் போனால் போதும்.

திரும்பும் வழியில் ஆர்பக்கிள் மலையடியில் பொரித்த பை விற்கும் கடையில் நிறுத்தினோம். பாதாமி, ஆப்பிள், இறைச்சி என்று சோமாசி போல் மடித்துப் பொரிக்கிறார்கள். மேசையில் இவள் நோட்டைத் திறந்து கல்லூரிப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தாள். மேலே இருந்த இரண்டு பெரிய பெயர்களை அடித்தாள். கீழே டெக்சஸில் இருக்கும் ஒரு சிறிய கல்லூரியைச் சேர்த்தாள். மூன்றாம் பிரிவு, ஆட்டத்துக்கு உதவித்தொகையே கிடையாது, படிப்புக்கு உண்டு, பொறியியலும் உண்டு. "மூணாவது பிரிவா?" என்று மாமா இழுத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் காபி வாங்க எழுந்துபோனார்.

மூன்றாம் பிரிவுப் பயிற்சியாளர்களுக்கு அந்த செப்டம்பர் வாய்ப்பூட்டு இல்லை. மின்னஞ்சல் போட்டால் பதில் வரும், தொலைபேசியிலும் பேசலாம். கைப்பேசியில் அவளே எழுதத் தொடங்கினாள். பெயர், 2028, கேட்சர், பாப் டைம் 1.96, கணிதத்தில் வாங்கிய மதிப்பெண். காணொளியின் இணைப்பு. கடைசியில் ஒரு கேள்வி. அனுப்புவதற்கு முன் என்னிடம் திரையைக் காட்டி, "இப்படிக் கேக்கலாமா சித்தி?" என்றாள். ஆய்வக வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்தால், உங்கள் அணிப் பெண்கள் எதற்குப் போகிறார்கள் என்று கேட்டிருந்தாள்.

"இதத்தான் கேக்கணும் கண்ணு" என்றேன். அனுப்பினாள்.